தகவலைப் பதுக்கும் தலைமை: 1954ஆம் ஆண்டின் கே-2 ஏற்றத்தை முன்வைத்து

மலையேற்றத்தில் தலைமை தவறும்போது அதைப் பேராசை, புகழ்வெறி என்று குணக்கேடாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். இந்த விளக்கம் போதாது. உச்சியைத் தொடும் வேட்கை இல்லாதவர் எட்டாயிரம் மீட்டருக்கு மேல் போவதே இல்லை. ஆபத்தைச் சுமப்பவர் அறிந்திருக்க வேண்டியதைத் தலைவர் தம்மிடமே வைத்துக்கொள்ளும்போதுதான் அவருடைய தன்னலம் உயிருக்கு உலை வைக்கிறது. 1954 ஜூலை 30 அன்று கே-2 மலையில் நடந்தது இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

இத்தாலியக் குழுவின் தலைவர் நிலவியலாளர் அர்தீத்தோ தேசியோ. அடிவார முகாமிலிருந்து எழுத்துமூலம் ஆணையிட்ட அவர், மேல்மலைப் பொறுப்பை அக்கில்லே கொம்பன்யோனியிடம் ஒப்படைத்தார். கொம்பன்யோனியும் லினோ லாச்செதெல்லியும் ஒன்பதாம் முகாமை அமைப்பது, வால்தேர் பொனாத்தி ஆக்சிஜன் உருளைகளை அங்கே கொண்டுவந்து சேர்ப்பது என்பது முந்தைய நாள் ஏற்பாடு. சுமையோடு வருபவர் எட்டவேண்டும் என்பதற்காகவே முகாமைச் சற்றுத் தாழ்வான இடத்தில் அமைக்கவும் பேசி முடித்திருந்தார்கள்.

பொனாத்தியும் ஹுன்சாப் பகுதியைச் சேர்ந்த சுமைதூக்கி அமீர் மஹ்தியும் அந்த இடத்தை அடைந்தபோது அங்கே கூடாரம் இல்லை. அது மேலே, ஆபத்தான குறுக்குச் சரிவுக்கு அப்பால், பாறைகளிடையே இருந்தது. இருட்டத் தொடங்கியது. இவர்கள் கூவிக் கூவி அழைத்தபின் மேலே ஒரு விளக்கு தெரிந்தது, உருளைகளை அங்கேயே வைத்துவிட்டு இறங்கிப் போகும்படி குரல் வந்தது, விளக்கும் அணைந்தது. அந்த இருளில் இறங்க வழியில்லை. கூடாரமோ உறக்கப்பையோ இன்றி, சுமார் 8,100 மீட்டர் உயரத்தில், பனியில் வெட்டிய சிறு திட்டில் இருவரும் இரவைக் கழித்தார்கள். மறுநாள் உருளைகளை எடுத்துக்கொண்டு மேலிருந்த இருவரும் உச்சியை அடைந்தார்கள். மஹ்தி பனிக்கடியால் கால்விரல்களை எல்லாம் இழந்தார்.

பனிப்பாறைச் சரிவுக்கு அஞ்சியே இடத்தை மாற்றியதாகக் கொம்பன்யோனி தரப்பு கூறியது. அந்த அச்சம் நியாயமானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் இடத்தை மாற்றியவர்கள் பகல் வெளிச்சத்திலேயே அதைத் தெரிவிக்கவோ வழியில் அடையாளம் வைக்கவோ இல்லை. நல்ல உடல்வலுவோடு இருந்த பொனாத்தி வந்து சேர்ந்தால் உச்சிக்குச் செல்லும் வாய்ப்பு கைமாறக்கூடும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த மௌனம் விளங்குகிறது. பொனாத்தி கூடாரத்துக்கு வருவதைக் கொம்பன்யோனி விரும்பவில்லை என்றே 2004இல் லாச்செதெல்லியும் எழுதினார். இதற்கிடையே, 1964இல், உச்சிக்கான ஆக்சிஜனில் ஒரு பகுதியைப் பொனாத்தி பயன்படுத்திவிட்டார் என்று ஒரு நாளிதழ் பழி சுமத்தியது. முகமூடிகள் மேல்முகாமில் இருக்க, அவர் எப்படிச் சுவாசித்திருக்க முடியும்? வழக்குத் தொடுத்து 1966இல் வென்றார். இத்தாலிய மலையேற்றச் சங்கம் அதிகாரப்பூர்வ வரலாற்றைத் திருத்தியதோ ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்புதான்.

இதற்கு மாறாக, 1953இல் இதே மலையில் சார்லஸ் ஹூஸ்டன் தலைமையில் ஏறிய அமெரிக்கக் குழு, உச்சிக்குச் செல்வோரை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தது. அப்படித் தேர்வானவர்களில் ஒருவரான ஆர்ட் கில்கியின் காலில் ரத்தம் உறைந்தபோது, புயலிலும் அவரைக் கீழே இறக்குவதென்று முடிவெடுத்தார்கள். வழியில் பலர் சறுக்கி விழ, பீட் ஷோனிங் தனியொருவராகக் கயிற்றைப் பிடித்து நிறுத்தினார். கில்கியைக் காப்பாற்ற முடியவில்லை, உச்சியும் கைகூடவில்லை. அங்கும் ஆபத்துக்குக் குறைவில்லை. ஆனால் அதை ஏற்ற ஒவ்வொருவருக்கும் எதற்காக ஏற்கிறோம் என்பது தெரிந்திருந்தது.

மஹ்திக்கு அது தெரியாது. உச்சிக்குப் போகும் வாய்ப்பு கிடைக்கலாம் என்று ஆசை காட்டியே அவரை மேலே அழைத்துச் சென்றார்கள். பொனாத்திக்கும் இதில் பங்குண்டு. இத்தாலியர்களுக்குக் கொடுத்த உயர்மலைக் காலணிகூட மஹ்திக்குக் கிடைக்கவில்லை. கே-2 பற்றிய எழுத்துகளோ பொனாத்தியின் நற்பெயரைச் சுற்றியே பெரிதும் சுழல்கின்றன. அன்றைய முடிவுகளை மஹ்தி நின்ற இடத்திலிருந்து வாசிக்கும் ஆய்வு இன்னும் வலுப்பெற வேண்டும்.