பெயர் தொலைத்த பாட்டுகள் – 6: ‘மலேசியா வா!’

சென்ற வாரம் அந்தமானில், போர்ட் பிளேரின் ஹாடோ துறையில், சென்னைக் கப்பல் கயிறு கட்டியதோடு நிறுத்தியிருந்தோம். இனி, இறங்கியவரின் பையைத் திறப்போம்.

சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல். மூன்று நாள் கடல். கப்பல் ஏறும் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பர்மா பஜார். அங்கே வாங்கிய எம்பி3 சிடி ஒன்றில் நூற்றைம்பது பாட்டு அடங்கும். அசல் தட்டா என்று கேட்காதீர்கள், 2000 வாக்கில் யாரும் கேட்டதில்லை. அந்தமானுக்கு இணையம் அப்போது செயற்கைக்கோள் வழியாகத்தான் வந்தது. சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் பயன்பாட்டுக்கு வர 2020 ஆகஸ்ட் 10 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அதனால் அன்று தீவில் பாட்டு என்றால் பையில் வந்த பாட்டுதான்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் வின்ஆம்ப் இருக்கும். கல்லூரியைப் பாதியில் விட்ட ஜஸ்டின் ஃபிராங்கல் 1997 ஏப்ரலில் வெளியிட்டது. சின்ன மென்பொருள், சிடியோடு சிடியாக அதுவும் கப்பலேறிவிடும். தட்டைப் போட்டதும் பட்டியல் விரியும்: ‘ட்ராக் 01’, ‘ட்ராக் 02’, ‘ட்ராக் 03’... யார் பாடியது, எந்தப் படம்? ஒன்றும் தெரியாது.

பெயர் எங்கே போயிற்று?

பெயருக்கென்று ஓர் இடம் இருந்தது. 1996-இல் எரிக் கெம்ப் என்பவர் எம்பி3 கோப்பின் வாலில் 128 பைட் ஒட்டினார். ஐடி3 என்று பெயர். பாட்டுக்கு 30 பைட், பாடகருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4. ஆங்கிலத்துக்கு இது தாராளம். தமிழுக்கு?

யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் தின்னும். துணைக்காலுக்கும் தனியாக மூன்று, புள்ளிக்கும் மூன்று. ‘இளையராஜா’ 24 பைட், தப்பித்தார். ‘மலேசியா வாசுதேவன்’ 49. அவரை அந்த முப்பதுக்குள் திணித்தால் ‘மலேசியா வா’ வரை வந்து, ‘ச’வின் மூன்றில் இரண்டு பைட்டோடு கழுத்து அறுபடும். பாட்டுப் போடப் போனவருக்குத் திரையில் ஒரு பயண அழைப்பு! இந்த இடநெருக்கடியைப் பின்னால் வந்த ஐடி3-யின் இரண்டாம் பதிப்பு தீர்த்தது. ஆனால் இடம் இருந்து என்ன பயன்? தட்டு எழுதியவர் பெயரையே தட்டச்சு செய்யவில்லையே.

ஊர் உலகத்தில் இதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். டி கான் எழுதிய எக்ஸ்எம்சிடி என்ற இலவச மென்பொருளைச் சுற்றி வளர்ந்தது சிடிடிபி என்ற பெயர்க் களஞ்சியம். அசல் இசைத்தட்டில் எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கே அதன் கைரேகை. அந்தக் கணக்கை இணையத்தில் அனுப்பினால் பெயர்கள் திரும்பி வரும். அந்தப் பெயர்களை அடித்து வைத்தவர்கள் யார்? சம்பளம் வாங்காத ஆயிரக்கணக்கான ரசிகர்கள்.

1998-இல் அந்தக் களஞ்சியம் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனது. பிறகு கிரேஸ்நோட் என்று பெயர் மாறியது. 2001-இல் உரிமம் பெறாத மென்பொருள்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. ஊர் கூடிக் கட்டிய கிணற்றுக்குப் பூட்டு!

கொதித்தவர்களில் ஒருவர் ராபர்ட் கே. ஃப்ரீஆம்ப் என்ற கட்டற்ற பாட்டு மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தவர். யாரும் பூட்ட முடியாத ஒரு களஞ்சியத்தைத் தொடங்கினார், மியூசிக்பிரெயின்ஸ்.

ஆனால் நம் தீவுக்காரரிடம் அசல் தட்டே கிடையாதே! எண்ணிப் பார்க்க வரிசை இல்லை, கைரேகை இல்லை, வாலில் பெயரும் இல்லை. இருப்பது நாலரை நிமிடப் பாட்டு மட்டும். வானொலியில் முதல் வீணைத் தந்தி அதிர்ந்ததுமே படத்தின் பெயரைச் சொல்லும் பெரியவர்கள் நம்மிடம் உண்டு. மற்றவர்கள் பெயர் தேடித் தவிக்கையில் அவர்கள் காதை மட்டும் வைத்துச் சொல்லிவிடுவார்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு அந்தக் காது முளைக்குமா?

முளைத்தது. ஆனால் அதுவும் முதலில் ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள்ளேதான் இருந்தது.

(தொடரும்)