எட்டு மணி நேரத்தின் கதை: வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு



வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் போனிலும் சாட்டிலும் பதில் சொல்லும் வேலை பார்க்கும் சிலர், "சார், எப்போ சாப்பிடுறது, எப்போ தூங்குறதுன்னே தெரியல" என்கிறீர்கள். வரலாறு நடத்தியவன் என்பதால் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகை என்றார்கள். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். பத்து நாழிகைக்கு ஒரு சிறுபொழுதாக வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று ஆறு பொழுதுகள். பொழுதைப் பார்த்து வேலை செய்த காலம் அது.

ஆலைகள் வந்ததும் பொழுது போய், சங்கு வந்தது. இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் 14 மணி நேரம்கூட வேலை வாங்கினார்கள். ராபர்ட் ஓவன் என்ற ஆலை அதிபரே, 8 மணி வேலை, 8 மணி பொழுதுபோக்கு, 8 மணி ஓய்வு என்று நாளை மூன்றாகப் பிரிக்கச் சொன்னார். 1886 மே மாதம் சிகாகோ தொழிலாளர்கள் இதற்காக உயிரையும் கொடுத்தார்கள்.

நம் மாநிலத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னின்றார்கள். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குக் கிடைத்த அரை மணி நேரம் போதவில்லை என்பது. சாப்பிட நேரம் வேண்டும் என்பதும் அன்று ஒரு போராட்டம்தான்! 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியவர் சிங்காரவேலர், மீனவர் குடும்பத்தில் பிறந்தவர்.

சட்டம் மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆலைகளில் வாரத்துக்கு 1922இல் 60 மணி, 1934இல் 54 மணி, அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது 1946இல் 48 மணி. 1947இல் வந்த சென்னைக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி என்றது. தொடர்ந்து 4 மணிக்கு மேல் கூடாது, நடுவில் 1 மணி இடைவேளை என்றும் சொன்னது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோதும், எதிர்ப்பு எழுந்து, சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். முன்பு கால்சென்டர் வேலையை வீட்டிலிருந்து பார்க்க அரசு அனுமதி, வங்கி உத்தரவாதம் என்று ஏகப்பட்ட கட்டுப்பாடு இருந்தது. கொரோனா காலத்தில் தளர்த்தி, 2020 நவம்பரில் பெரும்பாலும் நீக்கிவிட்டார்கள். அதனால்தான் மீமிசலில் உட்கார்ந்து நியூயார்க்குக்குப் பதில் சொல்ல முடிகிறது. ஆனால் ஆலைக்குச் சங்கு இருந்தது, வாசல் இருந்தது. உங்களுக்கு இரண்டும் இல்லை. நூறு வருடம் போராடி வாங்கிய எல்லையை, வீட்டுக்குள் நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6.30. அதை வைத்து ஒரு கால அட்டவணை:

மாலை 6.30 – 10.30: வேலை
10.30 – 11.30: சாப்பாடு, சிறு நடை
11.30 – 3.30: வேலை
3.30 – 4.00: முகம் கழுவி, போனை ஓரமாக வைப்பது
4.00 – பகல் 12.00: தூக்கம், ஜன்னலில் கெட்டித் திரை போட்டு
12.00 – 6.30: சாப்பாடு, குடும்பம், வெயில் தாழ்ந்ததும் நடை, படிப்பு

கூட்டிப் பாருங்கள், எட்டு, எட்டு, எட்டு வரும். அவரவர் வழிபாட்டு நேரத்துக்கு ஏற்பச் சிறிது மாற்றிக்கொள்ளலாம். நவம்பரில் அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைப்பார்கள். அப்போது உங்கள் வேலை 7.30க்குத் தொடங்கும். மார்ச்சில் பழையபடி 6.30. தூக்கத்தையும் அதோடு நகர்த்துங்கள். கம்பெனி இடைவேளையைப் பிரித்துக் கொடுத்தாலும் ஒரு வேளைச் சாப்பாட்டையாவது கணினி முன் சாப்பிடாதீர்கள். வாடிக்கையாளர் திட்டிய அழைப்புக்குப் பின் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். வேலைக்கென்று ஒரு மேசை, வேலை முடிந்ததும் மடிக்கணினி மூடியிருக்கட்டும். பள்ளியில் மணி அடித்ததும் புத்தகத்தை மூடுவீர்களே, அப்படி.

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. இரவெல்லாம் கடலில் கிடந்து காலையில் கரையேறுபவர் பகலில் தூங்கினால், நம் கடற்கரையில் யாரும் அவரைச் சோம்பேறி என்பதில்லை. பிள்ளைகள் சத்தம் போட்டால் "அப்பா தூங்குறாரு" என்று அதட்டுகிறோம். அதே இரவு முழுக்கக் கண்விழித்த மகளையோ மருமகளையோ காலை ஆறு மணிக்கு அடுப்படிக்கு எழுப்புகிறோம். "வீட்டுலதானே இருக்கா" என்கிறோம். அந்த ஒரு சொல்லில் அவளுடைய தூக்கம் எட்டு மணியிலிருந்து இரண்டாகிவிடுகிறது. சம்பளம் மட்டும் முழுதாக வேண்டும் என்றால் எப்படி?

ஆகவே அட்டவணையை ஒரு தாளில் பெரிதாக எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். வீட்டிலுள்ளவர்களும் அதைப் படித்துக் காலைச் சமையலை யார் பார்ப்பது என்று இன்றே பேசி முடிவு செய்யுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், மீமிசல்