இணையவழித் துன்புறுத்தல்

இணையவழித் துன்புறுத்தல் என்பது இணையம், நகர்பேசி, சமூக வலைத்தளங்கள், இணைய விளையாட்டுகள் முதலியவற்றின் வழியாக ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது, அச்சுறுத்துவது அல்லது ஒதுக்கி வைப்பது ஆகும். சைபர் புல்லியிங் எனவும் இது வழங்கப்படுகிறது. துன்புறுத்துபவர் முகமறியா அயலாராகவே இருப்பார் என்பதில்லை. சிறுவரிடையே அவர் பல நேரங்களில் அதே வகுப்பிலோ நட்பு வட்டத்திலோ இருக்கும் இன்னொரு சிறுவரே ஆவார்.

வரையறை

பள்ளிகளில் நிகழும் துன்புறுத்தலை 1970களிலிருந்து ஆராய்ந்தவர் டான் ஒல்வேயஸ் (1931–2020). சுவீடனில் பிறந்து நோர்வேயில் பணியாற்றிய உளவியலாளரான இவர், துன்புறுத்தலுக்கு மூன்று கூறுகளைக் குறிப்பிட்டார். அவை தீங்கு செய்யும் நோக்கம், மீண்டும் மீண்டும் நிகழ்தல், இரு தரப்பினரிடையே வலிமை ஏற்றத்தாழ்வு என்பனவாகும். இணையத்தில் இவை பின்வருமாறு மாறுகின்றன.

- நோக்கம்: எதிரில் இருப்பவரின் முகம் தெரியாததால், விளையாட்டாகத் தொடங்கியது எப்போது வதையாக மாறியது என்பது செய்பவருக்கே புலப்படாமல் போகலாம்.
- மீள்நிகழ்வு: ஒரு படத்தை ஒருமுறை பதிவேற்றினால் போதும். பிறர் அதைப் பகிரும் ஒவ்வொரு முறையும் துன்புறுத்தல் மீண்டும் நிகழ்கிறது.
- வலிமை: உடல் வலிமை தேவையில்லை. பெயரை மறைத்துக்கொள்வதும், மற்றவரின் கடவுச்சொல்லோ படமோ கையில் இருப்பதும் வலிமையாகின்றன.

மேலும், பள்ளி முடிந்து வீடு திரும்பினாலும் இது நிற்பதில்லை. வீட்டினுள்ளும் இரவிலும் தொடரக்கூடியது.

வடிவங்கள்

- வசைச் செய்திகளையும் மிரட்டல்களையும் தொடர்ந்து அனுப்புதல்
- ஒருவரின் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி அவர் எழுதுவது போல எழுதுதல்
- படங்களைத் திரித்தோ, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் போலியாக உருவாக்கியோ வெளியிடுதல்
- தனிப்பட்ட உரையாடல், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைப் பொதுவில் இடுதல்
- வகுப்புக் குழுக்களிலிருந்து ஒருவரை மட்டும் திட்டமிட்டு நீக்குதல்
- அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டிப் பணமோ மேலும் படங்களோ கேட்டல்

கியூபெக் நிகழ்வு

2002ஆம் ஆண்டின் இறுதியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 14 வயது மாணவர் ஒருவர், ஒரு நீண்ட கோலை வாளாகப் பாவித்து, ஸ்டார் வார்ஸ் திரைப்படப் பாத்திரம் போலச் சுழன்று நடித்துத் தம்மைத் தாமே படம்பிடித்தார். 2003இல் அந்த நாடா சக மாணவர்களின் கையில் சிக்கி இணையத்தில் பதிவேற்றப்பட்டது. யூடியூப் தொடங்கப்பட்டது 2005இல் தான். எனினும் அந்தப் படம் உலகெங்கும் பரவியது. கேலி தாங்காமல் அவர் பள்ளியை விட்டு விலக நேர்ந்தது. குடும்பத்தினர் தொடுத்த வழக்கு 2006இல் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது. பின்னர் சட்டம் பயின்ற அவர், இதே நிலையில் உள்ள சிறுவருக்கு ஊக்கம் தரும் பொருட்டு 2013இல் முதன்முறையாகப் பொதுவெளியில் விரிவாகப் பேசினார். பதிவேற்றியவர்கள் சிலரே. படத்தைப் பரப்பியவர்களும் சிரித்தவர்களும் தாங்கள் யாரையும் துன்புறுத்துவதாக எண்ணவில்லை என்பது இந்நிகழ்வில் கவனிக்கத்தக்கது.

பார்வையாளர் பங்கு

பின்லாந்தின் தூர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட கிவா என்னும் பள்ளித் திட்டம் பார்வையாளரையே முதன்மையாகக் கருதுகிறது. சிரிப்பவரும் பகிர்பவரும் இல்லையெனில் துன்புறுத்துபவருக்குக் கிடைக்கும் மதிப்பு குறையும் என்பது இதன் அடிப்படை. குழுவில் வந்த கேலிப்படத்தைப் பகிராமல் விடுவதும், பாதிக்கப்பட்டவருக்குத் தனியே ஆறுதலாக ஒரு செய்தி அனுப்புவதும் எவராலும் செய்யக்கூடியவை.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

பல சிறுவர்கள் இதைப் பெற்றோரிடம் சொல்வதில்லை. நகர்பேசி பறிக்கப்படும், பழி தம்மீதே விழும் என்ற அச்சங்கள் இதற்கு முக்கிய காரணங்களாகும். எனவே பெற்றோரின் முதல் மறுமொழியே, பிள்ளை அடுத்த முறை சொல்லுமா சொல்லாதா என்பதைத் தீர்மானிக்கிறது. நகர்பேசியைப் பார்த்ததும் முகம் வாடுதல், பள்ளிக்குச் செல்ல மறுத்தல், தூக்கமின்மை, திடீரெனக் கணக்குகளை நீக்குதல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் வழிமுறை வருமாறு:

1. முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, தவறு பிள்ளையுடையது அன்று எனத் தெளிவாகக் கூறுதல்.
2. பதில் வசை எழுதாதிருத்தல். மிரட்டுபவர் கேட்பதைக் கொடுக்காதிருத்தல்.
3. செய்திகளை அழிக்கும் முன் நாள், நேரம், கணக்கின் பெயர் ஆகியவை தெரியுமாறு திரைப்பிடிப்பு எடுத்துச் சேமித்தல்.
4. அதன் பிறகு அக்கணக்கைத் தடைசெய்து, தளத்தின் முறையீட்டு வசதி வழியாக அறிவித்தல்.
5. பிள்ளையுடன் கலந்து பேசிய பின் பள்ளிக்குத் தெரிவித்தல்.

சிறுவரின் பாலியல் படங்களுக்கு மூன்றாவது படி பொருந்தாது. அவற்றைச் சான்றுக்காகக் கூட நகலெடுக்கவோ எவருக்கும் அனுப்பவோ கூடாது. இணைய முகவரியையும் கணக்கின் பெயரையும் மட்டும் குறித்துக்கொண்டு உடனே புகார் செய்ய வேண்டும்.

படங்களை அகற்றுதல்

அமெரிக்காவில் உள்ள காணாமற்போன, சுரண்டப்படும் சிறுவருக்கான தேசிய மையம் டேக் இட் டவுன் என்னும் இலவசச் சேவையை நடத்துகிறது. 18 வயது நிறையுமுன் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்களுக்கு இது பயன்படும். படம் பயனரின் கருவியை விட்டு வெளியே செல்வதில்லை. படத்திலிருந்து கணிக்கப்படும், கைரேகை போன்ற ஓர் எண்சரம் மட்டுமே மையத்துக்கு அனுப்பப்படுகிறது. சேவையில் இணைந்துள்ள தளங்கள் அதே எண்சரம் கொண்ட படத்தைத் தேடி நீக்குகின்றன. மறையாக்கம் செய்யப்பட்ட தனிச் செய்திகளிலும், சேவையில் இணையாத தளங்களிலும் இது பயன்படாது.

சட்டம்

இந்தியாவில் இணையவழித் துன்புறுத்தலுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. செயலின் தன்மைக்கேற்ப வெவ்வேறு பிரிவுகள் பொருந்துகின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66சி பிரிவு அடையாளத் திருட்டையும், 66இ பிரிவு அந்தரங்க மீறலையும், 67பி பிரிவு சிறுவரின் பாலியல் படங்களையும் பற்றியவை. புண்படுத்தும் செய்திகளைத் தண்டித்த 66ஏ பிரிவு கருத்துரிமைக்கு எதிரானது என 2015இல் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது.

சிறுவர் பாலியல் படங்களைத் தரவிறக்கிப் பார்த்த ஒருவர் மீதான வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 சனவரியில் இரத்துச் செய்தது. அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. இத்தகைய படங்களை அழிக்காமலும் அறிவிக்காமலும் வைத்திருப்பதும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கீழ்க் குற்றமாகலாம் என்பது அத்தீர்ப்பால் தெளிவானது.

உதவி பெறும் வழிகள்

இந்தியாவில் சிறுவர்கள் 1098 என்ற இலவச எண்ணைத் தாங்களே அழைக்கலாம். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில், பெண்கள், சிறுவர்கள் தொடர்பான சில வகைக் குற்றங்களைப் பெயர் வெளியிடாமலும் பதிவு செய்யலாம். பணம் பறிக்கப்பட்டிருந்தால் 1930 என்ற எண்ணையும், மன உளைச்சலுக்கு டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணையும் அழைக்கலாம். இலங்கையில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் எண் 1929 ஆகும். பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால், அதைச் சிறுபிள்ளைப் பேச்சாகக் கொள்ளாமல், தனியே விடாது உடனடியாக மருத்துவ உதவியை நாட வேண்டும்.