கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் என்னென்ன இருக்க வேண்டும்? லினக்ஸின் 'டீஃபால்ட்' பட்டியலும் எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளும்

கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் லேப் முழுக்க லினக்ஸில்தான் ஓடுகிறது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் இருக்கும் நல்லேப்பிள்ளியானாலும் சரி, இடுக்கி மாவட்டத்தின் மூணாறானாலும் சரி, எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரே இயங்குதளம்தான். இந்தப் பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் கணிசம். கேரள அரசு பாடநூல்களைத் தமிழிலும் அச்சிடுகிறது, எஸ்எஸ்எல்சி தேர்வையும் தமிழில் எழுதலாம்.

அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு இருக்குமா, தமிழ் விசைப்பலகை இருக்குமா, இருந்தால் எந்த வகை என்பதையெல்லாம் வகுப்பாசிரியர் முடிவு செய்வதில்லை. இயங்குதளத்தைத் தொகுப்பவர்கள் எழுதும் ஒரு பட்டியல்தான் முடிவு செய்கிறது. அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது? விளக்கமாகப் பார்ப்போம்.

டீஃபால்ட் என்றால் என்ன?

நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டால் எது இருக்குமோ, அதுதான் டீஃபால்ட். புது போனில் முதலிலேயே இருக்கும் பிரவுசர், கீபோர்டு, ரிங்டோன் எல்லாம் இந்த வகை. 'வேண்டாம்னா மாத்திக்கலாமே' என்று தோன்றும். மாற்றலாம்தான். ஆனால் அதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும்: மாற்ற முடியும் என்று தெரிந்திருக்க வேண்டும், இணையம் வேண்டும், அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். ஐடி ஊழியருக்கு மூன்றுமே கையில் இருக்கும். பள்ளி லேபில் உட்கார்ந்திருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றும் இருக்காது. அந்தப் பிள்ளைக்கு டீஃபால்ட் என்ன தருகிறதோ அதுதான் கம்ப்யூட்டர்.

பேக்கேஜ் மேனேஜர் என்ன வேலை செய்கிறது?

லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பேக்கேஜாக வரும். டெபியன், உபுண்டு குடும்பத்தில் இது 'டெப்' கோப்பு. மென்பொருளோடு, 'நான் ஓட இன்னின்ன பேக்கேஜ்கள் வேண்டும்' என்ற குறிப்பும் அதற்குள் இருக்கும். 'டிபிகேஜி' என்ற கருவி அந்தக் கோப்பைப் பிரித்து நிறுவும். அதற்கு மேல் இருக்கும் 'ஆப்ட்', தேவையான மற்ற பேக்கேஜ்களைக் கண்டுபிடித்து, களஞ்சியத்திலிருந்து இறக்கி, டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து, சரியான வரிசையில் நிறுவும். ஃபெடோராவில் இதே வேலையை 'டிஎன்எஃப்' செய்கிறது, ஆர்ச்சில் 'பேக்மேன்'.

டீஃபால்ட் பட்டியல் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் 'மெட்டாபேக்கேஜ்' என்ற ஒன்றில். அதற்குள் மென்பொருள் எதுவும் இருக்காது, மற்ற பேக்கேஜ்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் இருக்கும். மளிகைச் சீட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உபுண்டுவின் 'உபுண்டு-டெஸ்க்டாப்' இப்படிப்பட்ட சீட்டுதான்.

இந்தச் சீட்டில் மூன்று படிநிலைகள் உண்டு. 'டிபெண்ட்ஸ்' என்றால் கட்டாயம். 'ரெக்கமெண்ட்ஸ்' என்றால் சாதாரணமாகக் கூடவே வரும், வேண்டாம் என்றால் நீக்கலாம். 'சஜஸ்ட்ஸ்' என்றால் வெறும் தகவல், தானாக வராது. ஒரு தமிழ் எழுத்துரு இரண்டாம் படியில் இருக்கிறதா, மூன்றாம் படியில் இருக்கிறதா என்ற ஒரு வரி வித்தியாசம், ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அது இருக்குமா இருக்காதா என்பதைத் தீர்மானிக்கும்.

கேரளம் எப்படித் தேர்ந்தெடுத்தது?

2001-ல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம், 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. பள்ளிகளுக்கான இயங்குதளத்தைத் தொகுப்பது இந்த நிறுவனம்தான். அடித்தளம் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள். 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பு 2019-ல் வந்தது, பிறகு 22.04 அடிப்படையிலான பதிப்பு வந்தது.

நீண்டகாலப் பதிப்பு ஏன்? வழக்கமான உபுண்டு பதிப்புக்கு ஒன்பது மாதம்தான் ஆதரவு. நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்து ஆண்டு. பாடநூலில் அச்சான மெனு படமும், லேபில் தெரியும் மெனுவும், தேர்வில் வரும் மெனுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றால், அடித்தளம் அடிக்கடி மாறக் கூடாது.

மென்பொருள் பட்டியலும் பாடத்திட்டத்தை ஒட்டியே போகிறது. கணிதத்துக்கு ஜியோஜீப்ரா, ஆவணங்களுக்கு லிப்ரெஆபீஸ், படம் வரைய இங்க்ஸ்கேப், ஜிம்ப் என்று பாடத்துக்குத் தேவையானவை முதலிலேயே வந்துவிடும். ஆசிரியர் தேடி நிறுவ வேண்டியதில்லை.

ரூ.3,000 கோடி மிச்சம் என்ற கணக்கு

2019-ல் 18.04 பதிப்பு வந்தபோது, இதனால் ரூ.3,000 கோடி மிச்சமாகும் என்று கைட் சொன்னது. இந்த எண் எப்படி வந்தது? ஒரு கம்ப்யூட்டருக்கான உரிமக் கட்டணம் குறைந்தது ரூ.1.5 லட்சம், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். பெருக்கினால் ரூ.3,000 கோடி.

இதை ஒரு மேல் எல்லையாக எடுத்துக்கொள்வது நல்லது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் எல்லா மென்பொருளையும் முழு விலை கொடுத்து வாங்கியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கான கணக்கு இது. கல்வி நிறுவனங்களுக்கு விற்பனையாளர்கள் சலுகை தருவது வழக்கம். அதே சமயம், பணத்தில் எண்ண முடியாத ஒரு ஆதாயம் இந்தக் கணக்கில் வரவே இல்லை: பட்டியலைத் திருத்தும் உரிமை. எந்த எழுத்துரு, எந்த விசைப்பலகை என்று யாரிடமும் அனுமதி கேட்காமல் மாநிலமே சேர்க்கலாம்.

அதிகம் பேர் பயன்படுத்துவதை வைத்தால் போதாதா?

டெபியனில் 'பாப்கான்' என்ற கணக்கெடுப்பு உண்டு. விருப்பப்பட்டவர்களின் கம்ப்யூட்டர், எந்தெந்த பேக்கேஜ்கள் இருக்கின்றன என்ற தகவலை அனுப்பும். எந்த பேக்கேஜ் முதல் டிஸ்கில் வர வேண்டும் என்று வரிசைப்படுத்த இந்த எண்ணிக்கை பயன்பட்டது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கணக்கெடுப்பில் சேர ஒருவர் 'ஆம்' என்று சொல்ல வேண்டும், டீஃபால்ட் பதில் 'இல்லை'. இணையம் இல்லாத லேப் கணக்கில் வராது. ஒரு சிறிய மொழியின் எழுத்துரு, பிரபலமான பேக்கேஜோடு எண்ணிக்கையில் போட்டியிடவும் முடியாது. முதலிலேயே இல்லாததை யாரும் பயன்படுத்த மாட்டார்கள், பயன்படுத்தாததால் அது பட்டியலுக்கும் வராது.

டெபியன் இதே திட்டத்துக்குள் வேறு மாதிரியும் முடிவெடுத்திருக்கிறது. 2013-ல் அதன் டீஃபால்ட் டெஸ்க்டாப்பை குனோமிலிருந்து எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாற்றினார்கள். 2014 செப்டம்பரில் மீண்டும் குனோமுக்கே திரும்பினார்கள். சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி. பார்வையில்லாத ஒருவர் ஸ்கிரீன் ரீடர் இல்லாமல் ஸ்கிரீன் ரீடரைத் தேடி நிறுவ முடியாது. அவருக்கு அது முதலிலேயே இருந்தாக வேண்டும். எண்ணிக்கையில் அவர்கள் குறைவுதான். மற்றவர்கள் பிறகு மாற்றிக்கொள்ளலாம், அவர்களால் முடியாது.

டீஃபால்ட் பட்டியலுக்கான நல்ல அளவுகோல் இதுதான்: எத்தனை பேருக்கு வேண்டும் என்பதோடு, இல்லாவிட்டால் யார் மாட்டிக்கொள்வார்கள் என்றும் கேட்க வேண்டும்.

தமிழுக்கு என்ன வேண்டும்?

டெபியன் களஞ்சியத்தில் தமிழுக்குத் தேவையானவை ஏற்கெனவே இருக்கின்றன. லோஹித் தமிழ், சம்யக் தமிழ், மீரா இனிமை எழுத்துருக்கள் பேக்கேஜ்களாகக் கிடைக்கும். லிப்ரெஆபீஸின் தமிழ் இடைமுகம் தனி பேக்கேஜ். தட்டச்சுக்கு 'ஐபஸ்' கருவியும் அதன் 'எம்17என்' தொகுப்பும் உண்டு.

விசைப்பலகையில்தான் உண்மையான முடிவு இருக்கிறது. எம்17என் தொகுப்பில் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு என்று பல வகைகள் உண்டு. இன்ஸ்கிரிப்ட்டில் இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே எழுத்து ஒரே விசையில் வரும். மலையாளத்தை இன்ஸ்கிரிப்ட்டில் பழகிய பிள்ளை, மொழியை மாற்றினால் போதும், 'க' அதே விசையில் இருக்கும். தமிழ்99 தமிழ்நாடு அரசு 1999-ல் ஏற்ற தரம். படித்து முடித்து கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ வேலைக்குப் போகிறவருக்கு இது உதவும். சித்தூர் தாலுகாவிலிருந்து இரண்டு ஊர்களுமே தூரமில்லை.

எது டீஃபால்ட்? மலையாளமும் தமிழும் சேர்ந்து படிக்கும் பிள்ளைகளுக்கு இன்ஸ்கிரிப்ட் முதலிலும், தமிழ்99 அதே மெனுவில் இரண்டாவதாகவும் இருப்பது நியாயமாகப் படுகிறது. இரண்டில் ஒன்று இல்லாமல் போவதுதான் நஷ்டம்.

டெப்பா, ஸ்னாப்பா?

உபுண்டு 22.04-ல் ஃபயர்ஃபாக்ஸ் டெப் பேக்கேஜாக வருவதில்லை. ஆப்ட்டில் கேட்டாலும் 'ஸ்னாப்' வடிவம்தான் வரும். ஸ்னாப் தனக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதியைத் தன்னோடே சுமந்து வரும், அதனால் அளவு பெரிது. ஒரு நாளைக்கு நான்கு முறை அப்டேட் இருக்கிறதா என்று தானாகப் பார்க்கும். பாதுகாப்புக்கு இது நல்லது. வேகம் குறைந்த இணையத்தில், வகுப்பு நடக்கும்போது எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் இறக்க ஆரம்பித்தால் தலைவலி. ஸ்னாப் கடையின் சர்வரை நடத்துவது கெனானிக்கல் நிறுவனம் மட்டும்தான் என்பதும் விவாதப் பொருள். லினக்ஸ் மின்ட் 2020-ல் தன் 20-ம் பதிப்பில், ஆப்ட் வழியாக ஸ்னாப் தானாக நுழைவதைத் தடுத்தது.

டெப் பேக்கேஜ்களுக்கு எளிய வழி உண்டு. 'ஆப்ட்-கேச்சர்-என்ஜி' என்ற கருவியை லேபின் ஒரு கம்ப்யூட்டரில் வைத்தால், ஒரு முறை இறக்கியதை மற்றவை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 300 எம்பி அப்டேட்டை 20 கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக இறக்கினால் 6 ஜிபி. இப்படிச் செய்தால் 300 எம்பிதான்.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே வந்தன. கேரளம் ஒன்றை மட்டும் தேர்ந்து, பாடநூலையும் தேர்வையும் அதோடு கட்டியது. தமிழ்நாடு இரண்டையும் கொடுத்து, தேர்வைப் பயனரிடம் விட்டது.

உங்கள் அலுவலகமோ பள்ளியோ லினக்ஸ் தேர்ந்தெடுக்கிறது என்றால்

- ஆதரவு எந்த ஆண்டு முடிகிறது என்று முதலில் பாருங்கள். உபுண்டு 22.04-க்கான வழக்கமான ஆதரவு 2027 வரை.
- தேவையான பேக்கேஜ்களை ஒரு மெட்டாபேக்கேஜாக எழுதி வையுங்கள். அடுத்த கம்ப்யூட்டருக்கு ஒரே கட்டளை போதும்.
- இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒரு நாள் வேலை செய்து பாருங்கள். எது இல்லாமல் நின்றுபோகிறதோ, அது பட்டியலில் சேர வேண்டும்.
- அப்டேட் வகுப்பு நேரத்தில் ஓடாதபடி நேரம் குறியுங்கள். பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.
- அட்மின் பாஸ்வேர்டு இல்லாத ஒருவரை உட்காரவைத்து, அவர் தன் மொழியில் தன் பெயரை எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் பட்டியல் இன்னும் முடியவில்லை.