காணாமல் போன சிநேகிதன்

துப்பறியும் கதைகளைக் கொஞ்சம் இளப்பமாகப் பேசுவது எழுத்தாளர்களுக்கு ஒரு வழக்கம். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட கதை ஒன்று, என்னையே ஒரு நாள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நிறுத்திவிட்டது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆம்பூர் பஜாரில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகள் கிடைத்தன; மாணவர்களுக்காகச் சுருக்கிய பதிப்பு. அதில் கானன் டாயில் 1926-இல் எழுதிய கதை ஒன்று இருந்தது. தமிழில் ‘வெளிறிய போர்வீரன்’ என்று சொல்லலாம்.

ஜேம்ஸ் டாட் என்பவன் ஹோம்ஸைத் தேடி வருகிறான். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் அவனோடு தோளுக்குத் தோள் நின்ற சிநேகிதன் காட்ஃப்ரி, காயம் பட்டு ஊர் திரும்பியவன், காணாமல் போய்விட்டான். விசாரித்தால், “உலகப் பிரயாணம் போயிருக்கிறான்” என்கிறார் தகப்பனார். டாட் விடவில்லை. வீட்டுக்கே போய்த் தங்குகிறான். இரவில் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே ஒரு முகம் தெரிகிறது. சிநேகிதனின் முகந்தான், ஆனால் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கிறது! மறுகணம் மறைந்துவிடுகிறது.

கிழட்டு வேலைக்காரன் கழற்றி வைத்த தோல் கையுறையில் தார் வாசனை வீசுவதைக் கவனிக்கிறார் ஹோம்ஸ். அது கிருமிநாசினியின் வாசனை. விஷயம் வெளிப்படுகிறது. யுத்த களத்தில் காயம் பட்ட இரவு, காட்ஃப்ரி தெரியாமல் போய்ப் படுத்த கட்டில் ஒரு தொழுநோய் மருத்துவமனைக் கட்டில். பிற்பாடு தோலில் வெள்ளை படரவே, ஊரார் அறிந்தால் ஆயுள் முழுவதும் எங்கேயாவது அடைத்து விடுவார்கள் என்று பயந்து, பெற்றோரே பிள்ளையைத் தோட்டத்து வீட்டில் மறைத்து வைத்திருக்கிறார்கள். கடைசியில் தோல் வைத்தியர் ஒருவர் வந்து பார்த்து, இது தொழுநோயே அல்ல, வேறு தோல் வியாதி என்று சொல்ல, கதை சுபமாக முடிகிறது.

சுபமாக முடிந்த கதையைப் படித்துவிட்டு அன்றிரவு நான் தூங்கவில்லை.

1993-இல், நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, சுகாதார ஊழியர்கள் பள்ளிக்கு வந்தார்கள். எங்களை வரிசையாக நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகையும் கைகளையும் பார்த்தார்கள். அதற்கு அடுத்த வாரம் என் பக்கத்து இடம் காலியாயிற்று. அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவன் அம்மா பாதிக் கதவைத் திறந்து, “பெங்களூர்ல மாமா வீட்டுக்குப் போயிருக்காம்ப்பா” என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். உலகப் பிரயாணத்துக்கும் பெங்களூருக்கும் தூரத்தில்தானே வித்தியாசம்? கதையைப் படித்த மறுநாள் ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

அந்தத் தாயின் பேரில் குற்றமில்லை. பயத்துக்குச் சரித்திரம் உண்டு. நம் நாட்டில் 1898-இல் வெள்ளைக்காரர் போட்ட தொழுநோயாளர் சட்டப்படி, போக்கிடமில்லாத நோயாளியை வாரண்டு இல்லாமலே பிடித்து அடைக்கலாம். நோய்க் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்திருந்தார், மருந்துதான் இல்லை. மருந்தெல்லாம் வந்த பிறகும் சட்டம் புத்தகத்திலேயே கிடந்தது. அது ரத்தானது 2016-இல்! தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி 2019 வரை நீடித்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பயத்தை ஒரு துப்பறிவாளரைப் போல ஆராய்ந்து உடைத்தவர் எங்கள் வேலூரிலேயே இருந்தார் என்பதுதான். டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். டாக்டர் காக்ரேன் என்பவர் அவரைச் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். விரல் மடங்கிய ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாராம் பிராண்ட். பிடி இரும்பாக இருந்தது. அப்படியானால் கை செத்துப் போகவில்லையே!

அங்கிருந்து தொடங்கிற்று துப்பு. விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. நரம்பு மரத்துப்போவதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சுட்ட பாத்திரத்தையும் விடுவதில்லை, காலில் ஏறிய ஆணியையும் அறிவதில்லை. தூக்கத்தில் எலி கடிப்பதுகூடத் தெரியாது என்று கண்டபோது, நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். உண்மைக் குற்றவாளி வலியின்மைதான். நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார் பிராண்ட். நிமிர்ந்த கைக்குப் பிச்சை விழவில்லை என்று சிலர் குறைப்பட்டுக்கொள்ளவே, தொழில் கற்றுக்கொடுக்க 1951-இல் ‘நவ ஜீவ நிலையம்’ எழுந்தது. 1955-இல் காட்பாடிப் பக்கம் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை ஏற்பட்டது.

செருப்பையும் சொல்ல வேண்டும். ஆம்பூர்க்காரனாயிற்றே! மரத்துப்போன பாதத்துக்கு ஆணி அடித்த செருப்பு எமன். ஆகவே, மெத்தென்ற ரப்பரை உள்ளே வைத்து, ஆணியே இல்லாமல் செய்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இந்தப் பக்கத்தில் பலருக்கும் தெரியும். உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் எங்கள் ஜில்லாவில், எனக்கு மிக உயர்ந்த பாதரட்சையாகத் தோன்றுவது அதுதான்.

1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைச் சிபாரிசு செய்தது. மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே நோய் பிறருக்குத் தொற்றாது. முழுவதும் சாப்பிட்டால் குணமாகிவிடும். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005 முடிவில் எட்டியது. என்றாலும் நோய் அடியோடு போய்விடவில்லை. மறைத்து வைக்கும் வழக்கமும் போய்விடவில்லை.

சில வருஷங்களுக்கு முன், ஆம்பூர் ரயிலடியில் ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முதலில் என் கண் அவர் காலுக்குத்தான் போயிற்று, அந்தச் செருப்பு. பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். சிகிச்சை முடிந்து நெடுங்காலம் ஆயிற்றாம். ஒரு வருஷம் தாமதமாகத் தொடங்கியதால் ஒரு பாதம் மட்டும் மரத்துப்போயிற்று. கல்யாணம், இரண்டு குழந்தைகள், சொந்தமாக மளிகைக் கடை.

“பெங்களூர்ல மாமா வீட்டுல எத்தனை நாள்டா இருந்தே?” என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். “எனக்குப் பெங்களூர்ல மாமாவே கிடையாதுடா. நீ வந்த அன்னிக்கு உள் ரூம்லதான் இருந்தேன். உன் குரல் கேட்டுச்சு. மறுபடியும் வருவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

டாட் ஜன்னலில் கண்டது ஒரு முகத்தை. நான் கண்டது பாதி திறந்த கதவை. அவன் மறுபடியும் போனான். நான் போகவில்லை.