வேடியப்பனின் நாய்

முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தாலே தெரியாதா என்பார்கள். இன்று ஆளை எடைபோட்டுக் கிண்டல் செய்யத்தான் இந்தப் பழமொழி உதவுகிறது. முதலில் சொன்னவன் உண்மையாகவே ஒரு நாயை முன்னால் நிறுத்திப் பார்த்துத்தான் சொல்லியிருப்பான். கூர்ந்த முகம், இறங்கிய நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால். சிப்பிப்பாறையையோ கன்னியையோ பார்த்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம்.

இங்கிலாந்துக்காரர்களுக்கு மூஞ்சி மட்டும் போதாது. அங்கே முயல் வேட்டைக்கு நாயோடு ஃபெரெட் என்னும் சிறு விலங்கும் போகும். கீரியைப் போல நீண்டு மெலிந்த உடம்பு. முயல் வளைக்குள் நுழைந்து உள்ளே கிடப்பதை வெளியே விரட்டுவது அதன் வேலை. வளைவாய்களில் வலை போட்டுக் காத்திருப்பார்கள். எந்த வளையில் முயல் இருக்கிறது என்று நாய் மோந்து காட்ட வேண்டும், சத்தம் போடாமல் நிற்க வேண்டும், வலைக்குத் தப்பியதை ஓடிப் பிடிக்க வேண்டும். கூட வந்த ஃபெரெட்டை மட்டும் கவ்விவிடக் கூடாது. இத்தனைக்கும் பொருந்துகிற நாய் எது என்று அங்கே ஓயாத வாதம் உண்டு. லர்ச்சர் என்கிற கலப்பு நாய்க்கு ஆதரவாளர்கள் நிறைய.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் சுரண்டினால் வேடிக்கை. ஃபெரெட் என்பது லத்தீனில் ‘சின்னத் திருடன்’ என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. லர்ச்சரின் பெயரில் இருப்பது பதுங்குதல் என்னும் பழைய ஆங்கில வினை. முயலுக்கு ரோமானியர் சொன்ன குனிகுலுஸ் என்ற சொல்லுக்கு முயல் என்றும் பொருள், நிலத்தடிச் சுரங்கம் என்றும் பொருள். பிராணிக்கும் பொந்துக்கும் ஒரே பெயர் வைக்கும் அளவுக்கு அந்த முயல் மண்ணுக்குள் வாழ்வது.

நம் காட்டு முயல் வளை தோண்டாது. பிடரியில் கறுப்பு மயிர் கொண்ட இந்த முயல், பென்னாகரத்துக் கரட்டிலும் அரூர்ப் பக்கத்துப் புதரிலும் புல்லை உடம்பால் அழுத்திக் குழிவு செய்து அதில் படுத்துக்கிடக்கும். மிதிக்கப்போகும் நேரத்தில்தான் எழுந்து பாயும். ஐரோப்பியக் குழிமுயலின் குட்டி கண் திறக்காமல், மயிரில்லாமல் வளைக்குள் பிறக்கிறது. நம்முடையது மயிரோடும் திறந்த கண்ணோடும் வெட்டவெளியில் பிறக்கிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்திருக்கிறது. தமிழில் கூண்டில் வளர்க்கும் வெள்ளையும் முயல்தான், கரட்டில் ஓடும் சாம்பலும் முயல்தான். ஃபெரெட்டைக் கொண்டுவந்து இங்கே விட்டால் நுழைய வளை இல்லாமல் நம்மைத்தான் திரும்பிப் பார்க்கும்.

அதன் வேலையையும் சேர்த்து இங்கே நாயே செய்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் ஒரு முயல் வேட்டை வருகிறது. கானவர் அகன்ற வாயுள்ள நாய்களோடு பசும்புதர்களை அடித்துக் கலைக்கிறார்கள். சுற்றிலும் வேலிபோல வலைகளைத் தொடுத்துக் கட்டியிருக்கிறார்கள். தாமரையின் புற இதழ் போன்ற நெடுங்காது முயல்கள் தப்ப வழியில்லாமல் வளைக்கப்படுகின்றன. வலை உண்டு, நாய் உண்டு, முயல் உண்டு. இங்கிலாந்து வேட்டையில் இருப்பதெல்லாம் இதிலும் இருக்கிறது, ஃபெரெட்டைத் தவிர.

அந்தப் பாட்டு நாயைச் சொல்லும் சொல் ஞமலி. சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறையில் இருந்து பாடியதாகச் சொல்லப்படும் புறநானூற்று 74ஆம் பாட்டிலும் இதே சொல் வருகிறது. அங்கே அது சங்கிலியில் கட்டுண்ட நாய். காட்டில் புதரைக் கலைப்பதற்கும் சிறைப்பட்ட மன்னனின் அவமானத்துக்கும் ஒரே சொல் பொருந்தியிருக்கிறது. சொல்லின் முதலில் வந்த ஞகரம் பல இடங்களில் நகரமாகிப் பிழைத்தது. ஞண்டு நண்டானது, ஞெகிழி நெகிழியானது. ஞமலி அப்படி மாறிப் பேச்சில் தங்கவில்லை, ஏட்டோடு நின்றுவிட்டது. நாய் மட்டும் நிலைத்தது. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் நான்கின் குட்டிக்கும் குருளை என்று ஒரே பெயர் தருகிறது. துரத்துவதும் துரத்தப்படுவதும் குட்டியாக இருக்கும்வரை ஒரே பெயரில் இருந்தன.

தருமபுரியில் நின்று இந்தச் சொற்களைக் கேட்பதில் ஒரு வசதி இருக்கிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே சந்தையில் புழங்கும் மாவட்டம் இது. தமிழர் நாய் என்பதைக் கன்னடம் பேசுவோர் நாயி என்கிறார்கள். தெலுங்கில் அது குக்க. நம் பழைய நிகண்டுச் சொல்லான குக்கல் நினைவுக்கு வரும். வேட்டை கன்னடத்தில் பேட்டெ, தெலுங்கில் வேட்ட. வேடன் அங்கே பேடன். 1954இல் ராஜ்குமார் நாயகனாக அறிமுகமான கன்னடப் படத்தின் பெயர் ‘பேடர கண்ணப்பா’. நம் கண்ணப்ப நாயனார்தான், வகரம் பகரமாகி எல்லை தாண்டியிருக்கிறார்.

அந்த வேடன் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வட்டாரங்களில் இன்னொரு பெயரில் சாமியாக நிற்கிறார். வேடியப்பன். ஏரிக்கரையில், புளியமரத்தடியில், நிலத்தின் மூலையில் ஒரு பலகைக் கல். வில்லோ வாளோ ஏந்திய ஓர் ஆள். மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கும், முன்னால் சில சூலங்கள் நட்டிருக்கும். பிள்ளைகளுக்கு வேடியப்பன் என்றும் வேடி என்றும் வேடியம்மாள் என்றும் பெயர் வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். பள்ளி வருகைப் பதிவேட்டில் இந்தப் பெயரைக் கண்டால் ஊரை விசாரிக்காமலே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கல்லில் எழுத்து இருந்து படித்துப் பார்த்தால் வேட்டை அதிகம் வராது. பெரும்பாலும் தொறு வரும். தொறு என்றால் ஆநிரை. மாட்டைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்தவனுக்கு ஊரார் எடுத்த நடுகல் அது. மாடு காத்துச் செத்தவன் எப்படி வேடன் ஆனான்? என் கணிப்பு இது: எழுதியிருந்தது வட்டெழுத்து. சில நூற்றாண்டுகளில் அதைப் படிக்க ஊரில் ஆளில்லாமல் போயிற்று. எழுத்தை இழந்தவர்கள் படத்தைப் படித்தார்கள். கையில் வில், சில கற்களில் பக்கத்தில் ஒரு நாய். வில்லும் நாயும் சேர்ந்தால் வேடன்தானே? பெயர் பிறந்துவிட்டது. இதில் நாய்க்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

எல்லா நாயும் பெயரில்லாமல் போய்விடவில்லை. தருமபுரிக்குக் கிழக்கே செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்றோர் ஊர். அங்கே கிடைத்த நடுகல் பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. இறந்த வீரன் கருந்தேவக்கத்தி. அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்கென்று தனியாக எழுத்தும் உண்டு. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவலாக இருந்தது என்றும் கல் சொல்கிறது. இங்கிலாந்தில் ‘சின்னத் திருடன்’ வேட்டைக்குத் துணை. இங்கே திருடனைக் கடித்ததற்காக நாய்க்குக் கல்வெட்டு.

கோவிவன் என்ற பெயரைப் பிரித்தால் கோ, இவன். இடையில் வருவது வகர உடம்படுமெய். கோ என்றால் அரசன். அதே கல்லின் தொடக்கத்தில் மகேந்திரவர்மனைக் குறிக்கும் ‘கோவிசைய’ என்ற வாசகத்திலும் இந்தக் கோ உண்டு. மன்னனுக்கு ஒரு கோ, நாய்க்கு ஒரு கோ. இன்னொரு வழியும் இருக்கிறது. கோ என்றால் பசு. மாட்டுச் சண்டையில் நின்ற நாய்க்கு அதுவும் பொருந்தாமல் இல்லை. ஆனால் ‘பசு இவன்’ என்று யாரும் நாயைக் கூப்பிடமாட்டார்கள். அரசன் பக்கமே நான் சாய்கிறேன்.

என்னை அதிகம் ஈர்ப்பது பின்பாதிதான். ‘இவன்’. நாய் அஃறிணை. அதற்கு ‘இது’ போதும். மகிழ்ச்சி மிகும்போது பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று சொன்னால் அது வழு ஆகாது என்று நன்னூலுக்கு உரை சொன்னவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். நன்னூல் எழுந்தது 13ஆம் நூற்றாண்டையொட்டி. அதற்கு அறுநூறு ஆண்டுகள் முன்பே எடுத்தனூரார் யாரிடமும் கேட்காமல் அந்தச் சலுகையை எடுத்துக்கொண்டார்கள்.

கன்னடப் பக்கமும் ஒரு பெயர் கிடைக்கிறது. தக்கோலப் போரில் காட்டிய வீரத்துக்குப் பரிசாக மணலேரன் என்னும் வீரன் கங்க மன்னன் பூதுகனிடம் கேட்டுப் பெற்றது ஒரு நாய். பெயர் காளி. அதைக் காட்டுப்பன்றி மேல் ஏவியபோது நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. அந்த நாய்க்காக ஆதகூரில் கல் எடுத்தார்கள். ஆண்டு 949, 950 வாக்கில். அந்தக் கல் இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊர் கேட்கலாம், பொன் கேட்கலாம் என்றிருக்கும்போது நாயைக் கேட்டான் பாருங்கள். நாய் தேர்ந்தெடுக்கத் தெரிந்த ஆள்.

இன்று நாய்க்குப் புகழ் தருவது பெரும்பாலும் ஊர்ப்பெயர். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் தென்மாவட்டத்து ஊர்கள். 2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது. தருமபுரியின் பேரில் நாய்ச்சாதி எதுவும் பெயர் பெறவில்லை. முயல் வேட்டையும் முடிந்த கதை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பது குற்றம். வேட்டைநாய் இப்போது ஆட்டுப்பட்டிக்கும் களத்துக்கும் காவல். எடுத்தனூர் நாய் செய்ததும் அந்த வேலைதான். இந்தப் பக்கத்துத் தெருக்களில் நாயை ராஜா என்று கூப்பிடுகிற குரலைக் கேட்காமல் நடக்க முடியாது. கோவிவன்தான் அது, வடமொழி உடுத்தியிருக்கிறது.

உங்கள் ஊர் ஏரிக்கரையில் வேடியப்பன் இருந்தால் அடுத்த முறை கும்பிட்டுவிட்டுக் கொஞ்சம் குனிந்து காலடியைப் பாருங்கள். நாயோ எழுத்தோ தெரிந்தால் பெயின்ட் அடிக்காதீர்கள், சிமென்ட் பூசாதீர்கள். தருமபுரி நகரிலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. அங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.