தகரச் சிமிழில் திரும்பி வந்த சொல்

கோலார் தங்கவயலில், முன்னாள் அதிகாரிகளின் பங்களாக்கள் இருந்த பக்கம் உலோகங்காட்டும் கருவியோடு தேடிய நண்பர் ஒருவர், மண்ணிலிருந்து எடுத்த சிறு தகரச் சிமிழின் ஒளிப்படத்தை அனுப்பியிருந்தார். நீள்சதுர வடிவம், சட்டைப்பையில் அடங்கும் அளவு. துருவுக்கிடையே ஆங்கில எழுத்துகளில் 'கஷூ' என்ற ஒரு சொல் மட்டும் எஞ்சியிருக்கிறது. மூக்குப்பொடிச் சிமிழா, மருந்துப் பெட்டியா என்று கேட்டிருந்தார்.

இரண்டுமன்று. புகையிலை நாற்றத்தையும் மது நாற்றத்தையும் மறைக்க விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் வாயில் அடக்கிய நறுமண மாத்திரையின் பெயரே கஷூ. எழுத்து தகரத்தின்மீதே அச்சாகியிருக்கிறது; அத்தகைய அச்சு பரவியது இராபர்ட் பார்க்ளே 1875இல் பெற்ற காப்புரிமைக்குப் பின்னர். ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலுக்கு வந்தது 1880இல். அதே ஆண்டில் துலூஸ் நகர மருந்தாளுநர் லியோன் லஜோனி உருவாக்கிய புகழ்பெற்ற 'கஷூ லஜோனி' வட்டச் சிமிழில் வருவது; ஆகவே இது அதுவன்று.

எனக்குச் சிமிழைவிடச் சொல்லே பெரிது. போர்த்துகேயர் வழியே ஐரோப்பா சென்ற சொல் இது. தமிழில் காசுக்கட்டி, கன்னடத்திலும் மலாயிலும் காச்சு. புறப்பட்ட மொழி எது என்பதில் அகராதிகள் ஒன்றுபடவில்லை. 'காய்ச்சு' என்னும் வினையோடு அதை இணைக்க எனக்கு ஆசையுண்டு; ஆசை சான்றாகாது. ஆயினும் பெஞ்சமின் ஹைன் 1814இல் வெளியிட்ட நூலில், மைசூர்ப் பகுதியில் பாக்கை இரும்புக் கலத்தில் வேகவைத்து, அந்நீரை வற்றக் காய்ச்சிக் 'கஸ்ஸு' எடுத்த முறை பதிவாகியிருக்கிறது. ஐரோப்பியர் இப்பொருளை நெடுங்காலம் மண் என்றே நம்பி 'யப்பான் மண்' எனப் பெயரிட்டது தனி வேடிக்கை.

அதிகாரி தகரத்தில் வாங்கிய பொருளின் மூலத்தைச் சுரங்கத் தொழிலாளி வெற்றிலையோடு மென்றான். வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவனின் வெற்றிலையும் துணிச்சுருக்குப்பையும் மக்கிப்போயின. பாக்குவெட்டி உலோகந்தான், ஆனால் அதை எவரும் குப்பையில் எறிவதில்லை, மகளுக்குக் கொடுப்பர் அல்லது வறுமையில் விற்பர். எனவே கருவியின் ஒலியை மட்டும் நம்பி எழுதப்படும் தங்கவயல் வரலாற்றில் பங்களாக்காரரே மிகுதியாக இருப்பார்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபின் பல குடும்பங்கள் பிழைப்புக்காக வெளியேறின. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம் லைன்வீடுகளில் வளர்ந்தோர் இங்கிருந்தால், உங்கள் பாட்டி வெற்றிலையில் சேர்த்த அந்தச் செங்கட்டியை எப்பெயரால் அழைத்தார் என எழுதுங்கள். காசா, காச்சா, கத்தக்காம்பா? ஊர்ப்பெயரோடு குறித்துக்கொள்கிறேன்.